எட்டாவது இடம்

விடுதிகளில் கொடுக்கும் வேன் சுற்றுலா நோட்டீஸில் ஏழு இடங்கள்தான் போட்டிருந்தது. கலங்கரை விளக்கம், கறுப்பு மணல் கடற்கரை, ஊதுபாறை, வாசல் பாறை, கடல் குகை, பழைய கோட்டை, கடைசியாகச் சூரியன் மறைவதைப் பார்க்கிற மேடு. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் விடுதி வாசலிலேயே இறக்கிவிடப்படும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. எட்டாவது இடத்தை அவள் கணவன் தன் வாயாலேயே சேர்த்துக்கொண்டான்.

வேனை ஓட்டுவது அவள். முன்னால் பக்கத்து இருக்கையில் பயணிகளைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்து, காதோரம் மாட்டிய மைக்கில் பேசிக்கொண்டே வருவது அவன். இடுப்பில் செங்கல் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். அவனுக்கு ரேடியோ என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அணைத்தாலும் ஓடும் ரேடியோ என்பாள் அவள். பதினாறு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டே வண்டி ஓட்டுகிறாள். அது இல்லாமல் கியர் மாற்றவே வராது என்று கேலி செய்வார்கள்.

ஊரைத் தாண்டிக் கடற்கரைச் சாலை பிரியும் இடத்தில் வேன் ஸ்டாண்ட். அங்கே அவளுடைய அண்ணன்தான் தலைவர். எல்லா வண்டியும் வரிசையில் நின்று முறைப்படிதான் ஆள் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய சட்டம். இவர்கள் இருவரும் நிற்பதில்லை. விடுதிகளே நேராகக் கூப்பிட்டு ஆள் அனுப்பின. அதற்காக ஒரு முறை பக்கக் கண்ணாடி உடைந்தது, பேச்சுவார்த்தை அறுந்தது. அத்தோடு போயிருக்கும், ரேடியோவின் வாய் சும்மா இருந்திருந்தால்.

ஸ்டாண்டைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தி, பெரிய ரகசியம் சொல்பவன் போலச் சொல்வான்:

"எல்லாரும் வலது பக்கம் பாருங்க. இது நோட்டீஸ்ல இல்லாத எட்டாவது இடம். முழுக்க இலவசம். பேரு கரடிப்பாறை. அசையாது, வேலை செய்யாது, ஆனா நாளைக்குப் பத்து டீ குடிக்கும். உலகத்துலயே மீசை வளர்ற ஒரே பாறை. பயப்படாதீங்க, கடிக்காது. என் மச்சான்தான்."

வேன் குலுங்கும். சிலர் கையசைப்பார்கள், போட்டோகூட எடுப்பார்கள்.

அன்று காலை முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "இன்னைக்கு அந்த ஸ்டாண்டைத் தாண்டறப்போ வாயை மூடிக்கிட்டு வாங்க. அண்ணன் ரொம்பக் கொதிச்சுப் போயிருக்காருன்னு கேள்விப்பட்டேன்."

"உங்க அண்ணன் என்னைக்கு ஆறிப்போயிருந்தாரு?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"சரிம்மா. இன்னைக்குக் கரடிக்கு விடுமுறை. போதுமா?"

ஏழு பேர் ஏறினார்கள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத ஒரு ஜோடி. ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் மூன்று ஆசிரியைகள். ஒரு கறிக்கடைக்காரரும் அவருடைய மாமியாரும். மனைவிக்குக் காலையில் வயிறு சரியில்லாமல் போய், கட்டிய காசு வீணாகக் கூடாதென்று மாமியாரைத் தனியாக இவரோடு அனுப்பிவிட்டாளாம். மனுஷர் பல்வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமியார் நோட்டீஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கையில் பேனாவோடு இருந்தார்.

ஆசிரியைகள் முதல் ஜோக்கிலிருந்தே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. சிரிக்கிற ஆளைக் கண்டால் ரேடியோவுக்கு நாக்கு நிற்காது. ஸ்டாண்ட் நெருங்கியபோது அவள் அவனைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான், வாயைக் கையால் பொத்திக் காட்டினான். அடுத்த நொடி, "எல்லாரும் வலது பக்கம் பாருங்க" என்றான்.

டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஜன்னல்கள் திறந்திருந்தன. ஏழு பேரும் அவரைப் பார்த்துச் சிரித்தபடி கடந்தார்கள். அவள் கண்ணாடியில் பார்த்தாள். அண்ணன் எழவில்லை, கத்தவில்லை. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேட்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க."

"வாயில வந்துருச்சும்மா."

கலங்கரை விளக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கறுப்பு மணலில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தார்கள். திரும்பி வந்தபோது வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின் சக்கரத்தின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கத்தி இறங்கியிருந்தது.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது, அறுந்தது. மறுபடி செய்தாள், எடுக்கவே இல்லை.

கறிக்கடைக்காரர் ஜாக்கி போட உதவினார். ரேடியோ சக்கரத்தை உருட்டிக்கொண்டே, "காத்து வாங்க வந்த இடத்துல காத்து போயிருச்சு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"திரும்பிடலாம்," என்றாள் அவள் மெதுவாக.

"திரும்பினா நாளைக்கு நாலு சக்கரத்தையும் கிழிப்பாரு. அப்புறம் தினம் அவரு முகத்தைப் பாத்துதான் வண்டி எடுக்கணும்."

மாமியார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "எதுக்குத் திரும்பறது? இன்னும் அஞ்சு இடம் பாக்கி இருக்கே. நான் இப்பதான் ரெண்டு டிக் போட்டிருக்கேன்."

திரும்பியிருக்கலாம். முடிவு அவள் கையில்தான் இருந்தது. ஸ்டியரிங்கும் அவள் கையில்தான். அண்ணனுக்குப் பயந்து திரும்பினாள் என்று நாளைக்கு ஊர் பேசும் என்று தோன்றியதும், வீல் ஸ்பேனரைப் பெட்டியில் வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் தன் காலடியில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஊதுபாறைக்கு மேலே சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு அறுபது படி கீழே இறங்க வேண்டும். பாறைத் தரைக்கு அடியில் கடல் குடைந்து போயிருந்தது. பெரிய அலை வந்தால் தண்ணீர் கீழே அடைபட்டு, தரையில் இருக்கிற ஓட்டை வழியாக மூன்று ஆள் உயரத்துக்குச் சீறிக்கொண்டு கிளம்பும். அந்தச் சத்தம் காதை அடைக்கும். ஓட்டையைச் சுற்றிக் கம்பி வேலி.

எல்லோரும் இறங்கினார்கள். அவள் வண்டியிலேயே இருந்தாள். சக்கரத்தை விட்டுவிட்டுப் போக மனசில்லை.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஸ்டாண்ட் ஜீப் வந்து பின்னால் ஒட்டி நின்றது. அண்ணனும், எப்போதும் கூடவே இருக்கும் நெட்டையனும் குட்டையனும் இறங்கினார்கள்.

"அண்ணே, நில்லுங்க. நான் பேசறேன்."

அண்ணன் ஜன்னலோரம் வந்தார். கோபமாக இல்லை, களைத்துப்போன மாதிரி இருந்தார். "நீ வண்டியிலயே இரு. இதுல உனக்கு வேலை இல்ல."

"அவரு ஏதோ விளையாட்டுக்கு..."

"விளையாட்டா? என் பொண்ணைக் கட்டப்போறவங்க வீட்டு ஆளுங்க போன வாரம் உன் வண்டியிலதான் வந்தாங்க. தெரியுமா உனக்கு? அன்னைக்கே என் வீட்டுக்கு வந்து, என் சோபாவுல உக்காந்துகிட்டு, 'நீங்கதான் அந்தக் கரடிப்பாறையா'ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. என் பொண்ணு தட்டோட நிக்கறா. அவளும் கேட்டுட்டு நிக்கறா."

அண்ணன் படியிறங்கினார்; நெட்டையன் பின்னால் போனான். குட்டையன் அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். "உக்காருங்கக்கா. ரெண்டு தட்டு தட்டிட்டு வந்துருவாரு."

முன்கண்ணாடி வழியே கீழே நடப்பது பொம்மை விளையாட்டு மாதிரி தெரிந்தது. ஆனால் சத்தம் அப்படி இல்லை. ரேடியோவின் இடுப்பில் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க மச்சான், நீங்களும் சுத்திப் பாக்க..." என்று அவன் சொன்னது மேலே சாலைவரை கேட்டது. அதற்கப்புறம் ஒரு சத்தம். காய்ந்த நத்தை ஓட்டைக் காலால் மிதித்தால் கேட்குமே, அது. அது பல் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பிறகு மூச்சு. மூக்கில் ரத்தம் நிறைந்து வாயால் இழுக்கிற மூச்சு, மலைச்சரிவு முழுக்க எதிரொலித்தது. நடுவில் அண்ணனின் குரலும் அதே மைக்கில் கேட்டது: "பேசுடா. இப்பப் பேசு. என்ன பாறை நான்? சொல்லு."

அடி, அடி, அடி. ஒவ்வொன்றையும் ஸ்பீக்கர் பெரிதாக்கிக் கொடுத்தது.

அவள் இரண்டு காலையும் தூக்கிக் கதவை உதைத்தாள். குட்டையன் முகம் குப்புறப் போய்த் தார்ச்சாலையில் விழுந்தான். எழுந்திருக்கக் கதவு விளிம்பைப் பிடித்தான். அவள் கதவை இழுத்து அறைந்தாள். நான்கு விரல்கள் நடுவில் இருந்தன. கதவு முழுசாக மூடிக்கொண்டது. அவன் கத்தினான், அவள் கதவைத் திறந்து, காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவனைத் தாண்டி ஓடினாள்.

புது மாப்பிள்ளை மனைவியை இழுத்துக்கொண்டு எதிரே படியேறி வந்தான். பின்னால் ஆசிரியைகள். ஒருத்தி அழுதுகொண்டே, "போகாதீங்க, போகாதீங்க" என்று அவள் புடவையைப் பிடித்தாள். அவள் உதறினாள்.

கீழே கறிக்கடைக்காரர் நெட்டையனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சண்டை தெரிந்த ஆள் இல்லை அவர். வயிற்றில் இரண்டு குத்து வாங்கி இரண்டாக மடங்கியிருந்தார். ஆனால் எந்த மூட்டு எந்தப் பக்கம் கழன்று வரும் என்று இருபது வருஷமாகத் தெரிந்த கை. மடங்கியபடியே நெட்டையனின் கட்டைவிரலைப் பற்றி ஒரு திருப்பு திருப்பினார். நெட்டையன் முட்டி போட்டு உட்கார்ந்து தன் கையையே வெறித்துப் பார்த்தான்.

கம்பி வேலியோரம் அண்ணன் ரேடியோவின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்தார். இன்னொரு கையால் மைக்கின் பஞ்சு உருண்டையை அவன் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். ரேடியோவின் முகத்தில் மூக்கு எது, உதடு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் ஸ்பேனரை ஓங்கி அண்ணனின் தோளில் இறக்கினாள்.

அவர் கணவனை விட்டார். திரும்பினார். அடித்தது அவள் என்று பார்த்ததும் முகம் ஒரு கணம் வெறுமையாகிவிட்டது. அடுத்த கணம் புறங்கையால் அறைந்தார். அவள் வேலியில் போய் மோதினாள். நெற்றி கிழிந்து ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. அவர் கொண்டையைப் பிடித்து மறுபடி கம்பியில் மோதினார். மூன்றாவது முறை இழுத்தபோது அவள் குனிந்து, கண் தெரியாமலேயே ஸ்பேனரைப் பக்கவாட்டில் வீசினாள். முழங்காலில் பட்டது. மரம் முறிகிற மாதிரி அவர் சரிந்தார்.

அங்கேயே முடிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரிந்தது. அண்ணன் பாறையில் மல்லாந்து கிடந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"பாப்பா," என்றார். "பாப்பா, வேண்டாம்."

வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அவள் ஸ்பேனரை இரண்டு கையாலும் உயர்த்தி அவர் தாடையில் அடித்தாள்.

அப்போதுதான் கடல் சீறி எழுந்தது. தண்ணீர் எல்லோர் மேலும் கொட்டியது. அது வடிந்தபோது, ஐந்தடி தள்ளிக் குடையோடு மாமியார் நின்றிருப்பதை அவள் பார்த்தாள். படியேறி ஓட அவருக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"போதும்மா," என்றார் மாமியார். "கீழ போடு அதை."

அண்ணனின் தாடை காதுக்குக் கீழே இடம் மாறியிருந்தது. தொண்டைக்குள் ரத்தம் இறங்கிக் களகளவென்றது. கறிக்கடைக்காரர்தான் அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்கவைத்தார். "மல்லாக்கப் போட்டா மூச்சு அடைச்சிரும்," என்றார், அறுக்கப்போகிற மாட்டைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

பெரிய ஆஸ்பத்திரி நாற்பது நிமிஷ தூரம். ஆம்புலன்ஸ் அங்கிருந்து கிளம்பி வந்து திரும்ப வேண்டும். ஜீப்பை ஓட்ட ஆள் இல்லை. ஒருவனுக்குக் கட்டைவிரல் இல்லாத மாதிரி, இன்னொருவனுக்கு விரல்களே இல்லாத மாதிரி. கடைசியில் எல்லோரும் அந்த வேனிலேயேதான் ஏறினார்கள். அடித்தவர்களும் அடி வாங்கியவர்களும், சுற்றிப் பார்க்க வந்தவர்களும். அண்ணனைக் கறிக்கடைக்காரரும் புது மாப்பிள்ளையும் படியேற்றித் தூக்கி வந்து பின் இருக்கையில் படுக்கவைக்க, தலையை மாமியார் மடியில் ஏந்திக்கொண்டு, ஆசிரியை கொடுத்த துண்டால் தாடையை அணைத்துப் பிடித்துக்கொண்டார். குட்டையன் வேனை ஓட்டிய அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, விம்மிக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாப் போங்கக்கா, குலுங்குது" என்றான்.

ரேடியோ தன் இருக்கையில் முதல் முறையாக முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் நான்கு பற்களைப் பொறுக்கிப் போட்டிருந்தான். அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ரத்தம்தான் வந்தது. அவள் ஒரு கையால் அவன் தொடையை அழுத்தினாள்.

சாலை முழுக்கக் கடலோரம்தான். வளைவுக்கு வளைவு நீலம் விரிந்தது. வாசல் பாறை வந்தது. நடுவில் வட்டமாகத் துளை விழுந்து, அதற்குள்ளே படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. புது மாப்பிள்ளை தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் மனைவி முழங்கையால் இடித்தாள். அதற்கப்புறம் குகைக்குப் போகும் வழி வந்தது, கோட்டைச் சுவர் வந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னாலிருந்து வந்த களகளச் சத்தத்தை மட்டும் அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள். அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு முறை நின்ற மாதிரி இருந்தது. "இருக்காரு, இருக்காரு, நீ ஓட்டு" என்று மாமியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஆளாளாக விசாரித்தார். கறிக்கடைக்காரர், தற்காப்புக்காக அடித்தாள் என்றார். அவர் நெட்டையனோடு போராடிக்கொண்டிருந்ததால் கடைசியைப் பார்க்கவில்லை. அதிகாரி மாமியாரிடம் கேட்டார்.

"அந்த ஆளு கீழ விழுந்தப்புறம் இவங்க அடிச்சாங்களா?"

"நான் கடலைப் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் மாமியார்.

"பக்கத்துல சண்டை நடக்குது. நீங்க கடலைப் பாத்தீங்க?"

"அதுக்குத்தானே காசு கட்டினோம்."

அவள் முறை வந்தது. நெற்றியில் ஆறு தையல் போட்டிருந்தது. "விழுந்தப்புறம்தான் தாடையில அடிச்சேன்," என்றாள். "வேண்டாம்னு சொன்னாரு. அப்பவும் அடிச்சேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

வழக்கு அப்படியும் நிற்கவில்லை. மூன்றாம் நாள், வாயைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்த அண்ணன், பாறையில் வழுக்கி விழுந்ததாகக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தங்கை அடித்துத் தாடை உடைந்தது என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறுவதைவிட அவருக்கு அதுவே மேலாகப் பட்டது. ரேடியோ புகார் கொடுத்தான். அதில் நெட்டையனும் குட்டையனும் சிக்கி, அண்ணனுக்கும் அபராதம் விழுந்தது. தலைவர் பதவி போயிற்று. அண்ணன் மகளுக்குப் பேசியிருந்த இடத்தில், அடிதடிக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர்களுக்கும் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. விடுதிகள் ஆள் அனுப்புவதை நிறுத்தின. ரேடியோ கஞ்சியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். பேச முடிந்த பிறகும் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடிதடி நடந்து மூன்று வாரம் கழித்துதான் அண்ணனைப் பார்க்கப் போனாள். நான்காவது மாடி, ஆறு கட்டில் கொண்ட அறை, ஜன்னலோரக் கட்டில். தாடை ஒரு பக்கம் வீங்கி, மீசையை மழித்திருந்ததால் யாரோ மாதிரி இருந்தார். கால் கட்டோடு தூக்கி வைக்கப்பட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டாள்.

"அண்ணே, எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. கண்ணுல ரத்தம், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, அலைச் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு. எனக்குக் கேட்டுச்சு. பாப்பான்னு கூப்பிட்டீங்க. கேட்டுட்டுத்தான் அடிச்சேன். அவருக்காகக்கூட இல்ல அந்த அடி. இது உங்களுக்குத் தெரியணும்."

அண்ணன் நெஞ்சின் மேல் கிடந்த நோட்டை எடுத்தார். பென்சிலால் எழுதித் திருப்பிக் காட்டினார்.

'தெரியும்.'

அவள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எழுதினார்.

'நான் அவனைக் கொன்னிருப்பேன். நீ போ.'

அவள் எழுந்தாள். எதையாவது சரிசெய்துவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. போர்வையைத் தொடப் போனாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணி ஏறி வந்துகொண்டிருந்தாள், கையில் ஃபிளாஸ்க்கும் துணிப்பையும். இருவரும் நின்றார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் இவளுக்குத் தலை பின்னிவிட்ட அண்ணி. இப்போது கண்ணுக்குக் கீழே கறுத்து, தோள் ஒடுங்கியிருந்தாள்.

"அண்ணி..." என்றாள் இவள்.

அண்ணி ஃபிளாஸ்க்கைப் படியில் வைத்தாள். துணிப்பையை அதன் மேல் சாய்த்து வைத்தாள். நிமிர்ந்து, ஓங்கி ஓர் அறை விட்டாள். நெற்றியில் தையல் போட்டிருந்த இடத்தில் மின்னல் வெட்டியது. இன்னொன்று வரும் என்று இவள் அசையாமல் நின்றாள். வரவில்லை. அண்ணி பையையும் ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு, சுவரோரமாக இவளைக் கடந்து மேலே போனாள்.

செருப்புச் சத்தம் நான்காவது மாடிவரை போய் ஒரு கதவுக்குள் அடங்கியது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் அங்கேயே நின்றாள். கீழேயிருந்து யாரோ ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஏறி வந்தார்கள். அவள் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள்.